ஜாதிமல்லிக்குச் செக்கிங்

அண்ணா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, அப்பா போனில் வரும்போது வாய் தவறியும் சொல்லிவிடாதே, கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த விஷயத்தை உனக்கு எழுதக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. விடிகாலை மூணு மணிக்கு த்ரீபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் பூக்காட்டுக்குப் போயிருக்கிறார், அந்த இடைவெளியில் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பயத்தில் எழுத்து கோணலாக வருகிறது, சிரிக்காதே. இனி அம்மா பேசுவது.

கண்ணு சிவபிரகாஷ், முருகன் புண்ணியத்தில் இங்கே மூணு பேரும் நல்லபடியாக இருக்கிறோம், டாக்கா தண்ணி உனக்கு ஒத்துக்கொண்டதா, தயிர் கிடைத்தால் விடாதே. இதை எழுதுகிற சத்யா நன்றாகப் படிக்கிறாள். ஜாதிமல்லி இந்த வருஷம் கொட்டுகிறது சாமி, ஆனால் பறிக்கத்தான் ஆள் இல்லை. கிணற்றில் சாயப்பட்டறைத் தண்ணி இறங்கியபோது போர் போட்டுச் சமாளித்தோம், ஆளுக்கு எங்கே போர் போடுவது, ஊர்ப் பெண்கள் எல்லாரையும் பனியன் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போகிறது. விடிவதற்குள் மொட்டாகப் பறிக்காவிட்டால் மார்க்கெட்டில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் செடியைப் பிடுங்கிவிட்டுக் காட்டைப் பனியன் குடோனுக்கு விடுவதாக அப்பா பேசிவிட்டார். இன்று காலை பத்து மணிக்கு, குடோன் கட்டக் காட்டைக் கேட்கிற கிட்டுசாமி முடிவு கேட்க வருகிறார். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் மறைக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிறு, மேலவீதியில் குடியிருக்கும் மதுரைக்கார ஒச்சாயியைக் கூப்பிட்டேன், கம்பெனியில் கறை பட்ட பனியனைப் பார்த்துக் கழித்து வைக்கிற செக்கிங் வேலை பார்க்கிறவள். டார்ச் வெளிச்சத்தில் மளமளவென்று பறித்தாள். பார்த்தால் பாதி மொட்டைத் தனியாகக் கட்டி ஓரமாக வைத்திருக்கிறாள், கேட்டால் எல்லாம் டேமேஜ், பின்னால் ரோஸ் கறை என்கிறாள். ஜாதிமல்லி மொட்டுக்குப் பின்பக்கம் ரோஸ் இருக்கத்தானே செய்யும். அவளே தலையில் அடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்க்கா, கைக்குத்தான் தெரியல" என்றாள். அப்பா, "சாமி போட்ட பிரிண்ட் ஆத்தா அது, எத்தன தண்ணி ஊத்துனாலும் போகாது" என்று சொல்லி, எத்தனை மாசம் கழித்தோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. வேன் டிரைவரிடம் பேசி, ஏழரை மணிக்கு நம் காட்டு வாசலிலேயே ஆள் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். நாலு மணியிலிருந்து பறித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகலாம். லைன் வீடுகளில் கேட்டு இன்றைக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்றாள் ஒச்சாயி. "பனியன் புடிச்ச கை காட்டுக்கு வராது புள்ள" என்கிறார் அப்பா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஒன்று செடி இருக்கும், இல்லை குடோன் எழும்பியிருக்கும். செடி போயிருந்தால் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லாதே, நாலு மாசமாக அவர் தூங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளி. நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

உன் அம்மா, சாரதாமணி.

அண்ணா, மணி நாலாகப் போகிறது. யாராவது வந்தால் போதும், எனக்கும் அந்தச் செடி

கதவு தட்டுகிறார்கள். அப்பா தட்டமாட்டார், இருமுவார். "சாரதாக்கா, கூடை எங்கிட்டு இருக்கு? அஞ்சு பேரு வந்து நிக்கிறோம்"