இல்லை என்று சொல்லாத ஊர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் ஊர் வந்து சேர்ந்தோம். வழியில் அவருக்கு ஒரு தடவை வாந்தி, எனக்கு வழி முழுக்க அவருடைய புலம்பல். மற்றபடி ஒரு குறையும் இல்லை. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். இங்கே சிக்னல் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்று விடுதிக்காரம்மாவிடம் கேட்டதற்கு, "ஓ, நல்லா கிடைக்குமே!" என்று சிரித்தார். மாடி, வாசல், தோட்டம் என்று எல்லா இடத்திலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் வலிதான் மிச்சம்.

ஊர் அழகுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல் பாவிய தெரு. ஒவ்வொரு ஜன்னலிலும் பூந்தொட்டி. வாடிய பூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தெருமுனையில் ரொட்டிக்கடை, எதிரே பழைய புத்தகக் கடை, சரிவில் இறங்கினால் ஏரி. எங்கள் அறையின் மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நாற்காலி உறையைத் தைத்தவர் மட்டும் ஓரத்தைச் சரியாக மடிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தையல்காரி கண்ணுக்குக் கோணல் தெரியாவிட்டால் தூக்கம் வராது என்று நீ கேலி செய்வாயே, அதுதான்.

நீ அனுப்பிய "வார இறுதியில் ஓய்வெடுக்க அழகான சிற்றூர்கள்" பட்டியலை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அருவி உள்ள ஊர், கோட்டை உள்ள ஊர் என்று நான் ஒவ்வொன்றாகக் காட்ட, அவர் நேராக இதன்மேல் விரலை வைத்தார். இந்த ஊரும் அதில் இருந்ததை நீ கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். கவனித்திருந்தால் எடுத்துவிட்டு அனுப்பியிருப்பாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன் அக்கா கடைசியாக இருந்த இடத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மனுஷர் கேட்கும்போது, எந்த வாயால் வேண்டாம் என்பது?

வந்ததும் ஏரிக்குத்தான் போனோம். அவள் அலுவலகத் தோழிகளோடு வந்து தங்கியது இந்தக் கரையில். தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனதும் இந்தக் கரையிலிருந்துதான். படகு மட்டும் தானாகத் திரும்பி வந்து முட்டிக்கொண்டு நின்றதாம். போலீஸில் தேடாத இடமில்லை என்று எழுதிக் கொடுத்து முடித்துவிட்டார்கள். எனக்கு அது புரிந்துவிட்டது. அழுது தீர்த்துவிட்டேன். உன் அப்பாவுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேடிக்கை. இன்று வெயில் அடிக்குமா என்று பக்கத்து அறைக்காரர் கேட்டார். நல்ல வெயில் என்றார் விடுதிக்காரம்மா. மழை வருமா, குடை எடுக்கட்டுமா என்று நான் கேட்டேன். வருமே, எடுத்துக்கோங்க என்றார். இரண்டும் ஒரே வாய், ஒரே சிரிப்பு. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் சாயங்காலம் சிரிப்பு போய்விட்டது. ரொட்டிக்கடையில் அப்பா பையிலிருந்து அக்காவின் படத்தை எடுத்து நீட்டி, இவள் இங்கே வந்திருக்கிறாளா என்று கேட்டுவிட்டார். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "வந்தாங்களே! இப்பத்தான் இந்தப் பக்கமா போனாங்க" என்றார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒருவர் பேச்சையும் நம்பாமல் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பரிசோதகர் உன் அப்பா. அந்த மனுஷர் குழந்தை மாதிரி தெருவில் ஓடினார்.

திங்கட்கிழமை கிளம்பிவிடுவோம். வீட்டுக்குப் போனதும் பேசுகிறேன். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா


அன்பு மகனுக்கு,

நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். பயப்படாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறார், தினமும் சவரம் செய்துகொள்கிறார். அதுதான் எனக்குக் கவலை.

தினமும் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். புத்தகக் கடையில் கேட்டால், இப்பத்தான் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போனாள். தேநீர்க் கடையில் கேட்டால், குடித்த கோப்பை இதோ, இன்னும் சூடு ஆறவில்லை. எங்கே போனாலும் ஒரு நிமிடம் முந்தி. மகளை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் எந்த ஊரைவிட்டாவது கிளம்புவாரா?

நான் விடுதிக்காரம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓய்வெடுக்க வர்றவங்க நீங்க. உங்ககிட்ட அந்த வார்த்தையை எப்படிம்மா சொல்றது? முகம் வாடிடுமே! எங்க பிள்ளைங்களுக்கே நாங்க அதைச் சொல்லித் தர்றது கிடையாது" என்றார். எந்த வார்த்தை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். யோசித்துப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் "இல்லை" என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

இதை அப்பாவுக்கு எடுத்துக் காட்ட ஒரு வேலை செய்தேன். அவரை அழைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போய், என் மகள் பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பாள், மரப் பொத்தான் வைத்தது, பார்த்தீர்களா என்று கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, பச்சைத் துணியை எடுத்தாலே பாகற்காய் என்று ஓடுகிறவள் உன் அக்கா. ரொட்டிக்கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. "ஆமாம்மா, பச்சை ஸ்வெட்டர்தான். அவங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்றார். பார்த்தீர்களா இவர்கள் லட்சணத்தை என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கி நின்றார். "இப்போ பச்சை போட ஆரம்பிச்சிருக்கா போல" என்றார். தலையில் அடித்துக்கொள்வதா, கட்டிப்பிடித்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை விடுதிக் கூடத்துக் கொக்கியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. மரப் பொத்தான். கை இரண்டும் ஈரம். உங்க பொண்ணு காயப் போட்டுட்டுப் போனா என்று விடுதிக்காரம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பூவுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

நான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பழக்கதோஷம், முதலில் பொத்தானைத்தான் திருப்பினேன். தையல் கடையில் யார் தைத்தது என்று அடையாளம் இருக்கட்டும் என்பதற்காக, பொத்தானுக்கு அடியில் கடைசி முடிச்சை மட்டும் சிவப்பு நூலில் போடுவேன். உன் பள்ளிச் சட்டைகளில் எல்லாம் இருக்கும். இதிலும் இருந்தது. எல்லாப் பொத்தானிலும் சிவப்பு முடிச்சு. என் கை முடிச்சு, தம்பி. வேறு யார் போட்டாலும் எனக்குத் தெரியாமல் போகுமா?

நான் ஒன்றும் இளிச்சவாயி இல்லை. விடுதியில் என் உடுப்பைத் துவைக்கிறார்கள், என் ரவிக்கைப் பொத்தானைப் பார்த்து யாரோ அதேபோல் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு கிழவியை ஏமாற்ற ஊரே கூடி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுமா என்றும் கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் அப்பா படகுத்துறையிலிருந்து அக்கரையைக் காட்டினார். மரங்களுக்கு நடுவில் பச்சையாக ஏதோ நின்றது. மரம்தான் என்றேன். மரம் கையை ஆட்டுமா என்றார். ஸ்வெட்டர் அப்போது என் மடியில்தான் இருந்தது.

இப்போது சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி. நேற்று அப்பா படகுக்காரரிடம், ஏரி ஆழம் குறைவுதானே என்று கேட்டார். "முழங்கால் அளவுதாங்க" என்றார் படகுக்காரர். அப்பா நகர்ந்ததும் அதே ஆளிடம் நான் போய், ஏரி ரொம்ப ஆழமோ என்றேன். "அடி காண முடியாதும்மா" என்றார், அதே சிரிப்போடு. என் மகள் அன்றைக்கு உங்களிடம் என்ன கேட்டாள் என்றேன். அவர் ஞாபகம் வைத்திருந்தார். காத்து அதிகமா இருக்கே, தனியா போயிட்டு வந்துடலாம்தானே என்று கேட்டாளாம். தாராளமா போயிட்டு வாங்கம்மா என்று இவர் படகை அவிழ்த்துக் கொடுத்தாராம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. விருந்தாளி மனம் கோணாமல் நடந்துகொண்ட திருப்திதான் இருந்தது. அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை.

அக்கரையில் என் பெண் இருக்கிறாளா, நானே படகைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று அப்பா அவரிடம் கேட்டுவிட்டார். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். "ஸ்வெட்டர் நீ பின்னினதா, இல்லையா? உனக்குக் குழப்பமா இருந்தா தம்பிக்கு எழுதிக் கேளு. அவன் சொன்னா நான் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் கரையிலயே இருக்கேன்" என்றார். படகை எங்களுக்கென்று தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் உட்காரலாமா என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. உட்காரலாம் என்றார்கள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். இரண்டு நாளாக எனக்கு ஒரு ஞாபகம் வருகிறது. கடை ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சை நூலில் நான் பின்னுகிறேன். அக்கா பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்காம்மா?" என்கிறாள். ஊசி விரலில் பட்ட இடம்கூட நினைவிருக்கிறது. இங்கே வந்த நாளில் இந்த ஞாபகம் என்னிடம் இல்லை. அது மட்டும் உறுதி. நாளைக்கும் அந்த உறுதி இருக்குமா என்று தெரியாததால்தான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே என் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவன் நீ. அக்கா போன பிறகும் போனில், சரிம்மா, ஆமாம்மா, எல்லாம் சரியாகிடும்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இதுவரை அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இந்த ஒரு தடவை மட்டும் வேண்டாம், கண்ணு. அம்மா அக்காவுக்குப் பச்சை ஸ்வெட்டர் எதுவும் பின்னவில்லை. அவளுக்குப் பச்சையே பிடிக்காது. அவள் அக்கரையில் இல்லை. எங்கேயும் இல்லை. இதை உன் கையால் எழுது. எழுதும்போது உனக்கு அழுகை வந்தாலும் எழுது. இங்கே அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவரும் கிடையாது, உன்னைவிட்டால் எனக்கும் வேறு யார்? அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் வீட்டில் எப்போதும் சிரிப்பு இருக்கட்டும், ஆனால் வேண்டாம் என்று தடுக்க ஒரு ஆளும் இருக்கட்டும்.

உன் பதிலுக்காகக் கரையிலேயே காத்திருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: தபாலில் போடும்படி கடிதத்தை விடுதிக்காரம்மாவிடம்தான் கொடுக்கிறேன். இது என் மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்தானே என்று கேட்டேன். நிச்சயமாகச் சேரும் என்று சொல்லிவிட்டார்.