ஓடைக்கரை வேலியும் என் கையெழுத்தும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போன வாரம் போனில் உன் இருமலைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது, வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்டால்தான் இவ்வளவு காகிதம் வேண்டியிருக்கிறது. “ஏம்மா ஒரு மாதிரி பேசறீங்க” என்று நீ இரண்டு தடவை கேட்டாய், அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார், உன் அண்ணன் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான், நான் என்னத்தைச் சொல்ல. அதனால்தான் கடிதம். கூடவே தடித்த உறை ஒன்றும் வரும். அதைப் பிரிக்கும் முன் இதை முழுசாகப் படித்துவிடு.

ஓடைக்கரை மானிய விஷயம்தான். மூன்று வருஷத்துக்கு முன் நீதான் அந்தப் படிவத்தைப் போனிலேயே வரி வரியாகப் படித்துச் சொன்னாய். ஒவ்வொரு மழைக்கும் மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாக ஓடைக்குள் சரிந்துகொண்டிருந்த சமயம் அது. மாடுகள் தண்ணீருக்கு இறங்கி இறங்கிக் கரையே சேறாகிவிட்டது. கரையோரம் முப்பது அடி விட்டுக் கம்பி வேலி போடு, உள்ளே மரக்கன்று நடு, மாட்டுக்கு மேலே தொட்டி கட்டு, செலவில் முக்கால் பங்கை நாங்கள் தருகிறோம், ஆனால் பத்து வருஷத்துக்கு அதற்குள் ஒரு குளம்பும் படக்கூடாது என்றது மண் பாதுகாப்பு அலுவலகம். “பத்து வருஷம்மா, நல்லா யோசிச்சுக்கோங்க” என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நிலம் அப்பா பேரிலும் அண்ணன், நீ இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். வேலியும் தொட்டியும் முடிந்ததும் பாதிப் பணம் சொன்னபடியே வந்தது. மீதி, மரக்கன்றுகள் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் என்று பேச்சு. அறுநூறு நட்டோம். புதுத் தொட்டியில் வாய் வைக்க மாட்டோம் என்று நம் மாடுகள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றதையும், உன் அண்ணன் தானே குனிந்து குடித்துக் காட்டியதையும் அப்போதே எழுதியிருந்தேனே. கரை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஒரு பிடி மண் சரியவில்லை.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேய்ச்சல் நிலம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, வைக்கோல் விலை வாங்குகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஏறிவிட்டது. பசுக்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஈன்று மூன்று வாரமான சிவப்புப் பசுவுக்கு மடியில் பாலில்லை, அதன் கன்றுக்குட்டி வெறும் காம்பை முட்டி முட்டிக் கத்தும். வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் இடுப்பு உயரம் பச்சைப் புல். மாடுகள் நாள் முழுவதும் கம்பியில் கழுத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்து நிற்கும். ஒரு நாள் காலை உன் அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனான். “செடிக்குப் பட்டினி இல்ல, என் மாட்டுக்குத்தான் பட்டினியா” என்றான். அப்பா கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் தடுத்தேன் என்று எழுத ஆசைதான் கண்ணு, ஆனால் தடுக்கவில்லை. அவன் கம்பியை வெட்டினான், சிவப்புப் பசுவைக் கயிற்றைப் பிடித்து முதலில் உள்ளே நடத்திப் போனது நான். பதினொரு மாடுகள், நான்கு நாள். புல்லோடு மரக்கன்றையும் சேர்த்துக் கடித்தன. ஐந்தாம் நாள் வேலியை இழுத்துக் கட்டி எண்ணிப் பார்த்தால் முந்நூறுக்கு மேல் போயிருந்தது.

அதற்கு அடுத்த நாளே டேப்பம்மா வந்து நின்றாள். கையில் அளவு டேப் இல்லாமல் பார்க்கவே முடியாத அந்த ஆய்வாளர் பெண்ணுக்கு அப்பா வைத்த பெயர் அது, மறந்திருக்க மாட்டாய். அவள் வருவதாகப் போன் வந்ததும் உன் அண்ணன் சாணியையெல்லாம் மூட்டையில் அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்திருந்தான். அவள் வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள், எழுதினாள், கடைசியில் அப்பாவைப் பார்த்து “என்னங்கய்யா ஆச்சு” என்றாள். வாழ்நாளில் ஒரு கடைக்காரனிடம்கூடப் பொய் சொல்லாத மனுஷர், “கீழண்டைக்காரர் ஆடுங்க பூந்துடுச்சும்மா” என்றார். ஓடையின் கீழ்ப்பக்கத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவரைத்தான் சொன்னார். நமக்கு வேலி போட்டபோது குழி தோண்டும் மிஷினைக் கொண்டுவந்து இரண்டு நாள் கூட நின்று உழைத்தவர். அந்தப் பெண் அதை எழுத்தில் கேட்டாள். அப்பாவின் எழுத்து அவருக்கே புரியாது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். இன்ன தேதி, ஏறக்குறைய இத்தனை ஆடு என்று. தேதியை நானே யோசித்துப் போட்டேன். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, ஆட்டுக்காரருக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது, நாலு வார்த்தை திட்டு வாங்குவார், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என்ன வந்தது தெரியுமா. அவரும் அதே மானியத்துக்கு மனு போட்டிருந்தார். அவர் நிலத்தில் மழைநீர் அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்துக்குக் கல்தடுப்பு கட்ட. அது இந்தப் பருவப் பட்டியலில் வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தார். இரண்டு வாரத்தில் அவருக்குக் கடிதம், உங்கள் ஆடுகள் வேறொருவர் பாதுகாப்புப் பகுதியைச் சேதம் செய்ததாகப் புகார், விசாரணை முடியும்வரை மனு நிறுத்திவைக்கப்படுகிறது என்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கேட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. “எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்கண்ணே, அன்னைக்கிப் பட்டிக் கதவ யாரு தெறந்து போட்டதுன்னு நான் பாத்துக்கறேன். உங்களுக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்” என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நான் எழுதிய தேதியைச் சொன்னார்.

பட்டிக் கதவைச் சாத்துவது அவர் மனைவியின் வேலை. நான்கு நாள் கழித்துத் தீவனக் கடையில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது, அழுததில்தான். அன்றைக்குக் கதவைச் சாத்தினது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று அவள் சொல்ல, அப்போ அண்ணன் பொய் சொல்றாரா என்று உன் அப்பாவைச் சொல்லி அவர் கேட்க, அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லையாம். “நெசமாவே எங்க ஆடுங்கதானாக்கா? நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் “சரியாத் தெரியலம்மா” என்றேன். பிறகு தவிட்டு மூட்டைக்குப் பணம் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை வாங்காமலே வந்துவிட்டேன், கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார்.

அடுத்த நாள் பல் வலி, டாக்டரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அலுவலகத்தில் எனக்கு முன் ஒன்பது பேர். டேப்பம்மா என்னைக் கண்டதும் எழுந்து உள் அறைக்குக் கூட்டிப்போனாள். “அந்தக் கடுதாசி நான் எழுதினதும்மா, அதுல இருக்கறது பொய், ஆடு வரல, எங்க மாடுங்கதான், ஓட்டிட்டுப் போனது நான்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் வாயே வந்திருக்காது. அவள் ஆச்சரியப்படவில்லை. “கடிச்ச உயரத்தப் பாத்தாலே தெரியும்மா. ஆனா எழுத்துல குடுத்துட்டா நான் எழுத்தத்தான் எடுத்துக்கணும்” என்றாள். திருத்தி எழுதிக் கொடுக்கிறேன் என்றால், ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு “உங்க பேரு இதுல எங்கயுமே இல்லையேம்மா” என்றாள். நாற்பது வருஷம் அந்த மண்ணில் பால் கறந்தவளுக்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இடமில்லை. எழுதியது என் கை, அதையாவது எழுதிக்கொள் என்றேன். சாட்சி வாக்குமூலம் என்று ஒரு தாள் கொடுத்தாள். அதில் என் பேரைப் போட்டேன். கிளம்பும்போது அவள் சொன்னதுதான் இன்னும் என்னை விடவில்லை. “வறட்சின்னு ஒரு மனு குடுத்திருந்தீங்கன்னா, வேலிக்குள்ள மரக்கன்னு இல்லாத மேல்பாதியில ரெண்டு வாரம் மேய விட அனுமதி இருக்கும்மா. இந்த வருஷம் ஏழெட்டுப் பேருக்குக் குடுத்தோம்.” ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாம் யாருமே கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று நாமே முடிவு செய்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். உன் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். “ஊரான் பொண்டாட்டி அழுதா ஓடறீங்க, நான் ஒரு மாசமா மாட்டப் பாத்துப் பாத்து செத்தது உங்களுக்குத் தெரியலயா” என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்றோடு பதினேழு நாள், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், வெளியே போகிறார். அவர் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று இருக்கிறது. ஆட்டுக்காரர் வீட்டுக்கும் நான் போனேன். இருவரும் பட்டியில் ஆடுகளுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஆட்டின் தாடையை விடவில்லை. “சொல்லிட்டீங்க இல்ல, போங்க” என்றார், அண்ணி என்கிற வார்த்தைகூட இல்லாமல். அவர் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டதாம், ஆனால் இந்தப் பருவப் பட்டியல் மூடிவிட்டதால் அடுத்த வருஷம்தானாம். இடையில் ஒரு மழைக்காலம் இருக்கிறது. அந்தப் பள்ளம் இன்னும் எவ்வளவு அறுக்குமோ.

இனி உறையில் இருப்பது. அலுவலகம் இரண்டு வழி சொல்லியிருக்கிறது. ஒன்று, போன மரக்கன்றுகளை மழைக்கு முன் நம் செலவில் மறுபடி நட்டு, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டுவது, மீதிப் பணம் அதன் பிறகு. இன்னொன்று, வாங்கிய பாதியைத் திருப்பிக் கட்டிவிட்டு விலகுவது. விலகினால் வேலியை எடுத்துவிடலாம், கரை மறுபடி மாட்டுக்கு. எதுவானாலும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அண்ணன் விலகலாம் என்கிறான். அப்பா தன் பிரதி இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார், எதிலும் போடவில்லை. ஆக உன் கையெழுத்துக்குத்தான் எல்லாம் காத்திருக்கிறது, அவரும் அதைப் பார்த்துத்தான் போடுவார் போலிருக்கிறது.

அம்மா சொல்கிறாள் என்று போட்டுவிடாதே. ஒவ்வொரு பக்கமும் படி, நான் படிக்காமல் விட்ட பக்கத்தையும் படி. உன் அண்ணன் உனக்குப் போன் செய்வான், அவன் பேச்சை வெட்டாமல் கேள். கோபத்தில் பேசுவான், ஆனால் அந்த மாடுகள் பசியில் கத்தியது பொய்யில்லை, அவன் மூன்று வாரம் தன் பங்குப் பாலை அந்தக் கன்றுக்குட்டிக்கு ஊற்றியதும் பொய்யில்லை. அவன் செய்தது தப்பு என்று நீ நினைத்தால், அதில் பாதியை என் கணக்கில் எழுதிவிட்டு அவனோடு பேசு. எனக்கு எது வேண்டும் என்று நீ கேட்பாய். மரக்கன்று திரும்ப நடவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. கையெழுத்து இல்லாதவள் ஆசைதானே, அதை ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு நீயே யோசி.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் நூறு வருஷம் வாழவேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். தாளைத் திருப்பி அனுப்ப இந்த மாதக் கடைசி வரைதான் நேரம், எந்தத் தாளானாலும் மூன்றாம் பக்கத்திலும் ஆறாம் பக்கத்திலும் நீல மையில் போடவேண்டும், மறந்துவிடாதே. அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் செய். அவரிடம் ஓடையைப் பற்றி எதுவும் கேட்காதே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அவர் என்னென்ன சொல்கிறாரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொள். நான் அடுத்த அறையில் இருப்பேன், அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா