பாரசீக அரசனும் உன் கையெழுத்தும்

மச்சான்,

இன்று காலை உன் மனைவி ஒரு பெட்டி நிறையக் கடதாசியை என் இல்ஃபோர்ட் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் முழுவதும் அந்தப் பாழாய்ப்போன உடன்படிக்கையின் நகல்கள். ஓரமெல்லாம் உன் பென்சில் கிறுக்கல். செத்த பிறகுமா என்னை விடமாட்டாய்?

ஆங்கிலேயரும் பாரசீகரும் 1814இல் தெஹ்ரானில் செய்துகொண்டது அது. ஐரோப்பிய நாடு ஏதாவது பாரசீகத்தைத் தாக்கினால் ஆங்கிலேயர் உதவ வேண்டும். சண்டையைப் பாரசீகமே தொடங்கியிருந்தால் உதவி இல்லை. பிறகு ரஷ்யாவோடு சண்டை மூண்டபோது, தொடங்கியது நீங்கள்தான் என்று ஆங்கிலேயர் கைவிரித்துவிட்டார்கள். இந்தக் கதையை எத்தனை பிறந்தநாள் விழாக்களில் சொன்னாய்? கேக் வெட்ட விடமாட்டாய். போன் ஒப்பந்தம் எடுக்கப் போனாலும் கடைசி வரிவரை வாசித்து, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன் என் மானத்தை வாங்குவாய். ஆங்கிலேயரைத் திட்டினாலும் பரவாயில்லை. நீ அந்தப் பாரசீக அரசனைத்தான் திட்டுவாய்.

"அவனிலதான் பிழை மச்சான். நம்பிக் கையெழுத்து வைச்சவன் அவன்தானே."

உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஏனென்றால், இலண்டனுக்கு வந்த புதிதில் உன் அகதி விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். ஊரில் சண்டைக்குள் கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்திருந்தாய், 'எழுத்து' நடக்கவில்லை. பதிவில்லாத கலியாணம் என்றால் வீண் கேள்வி வரும் என்று, 'மணமாகாதவர்' என்ற கட்டத்தில் நானே புள்ளடி போட்டேன். சும்மா ஒரு ஃபோர்ம்தானே, கையெழுத்தை வை என்றேன். வாசிக்காமல் வைத்தாய். மணமாகாதவனுக்கு ஏது மனைவி என்று கேட்டார்கள்; உன் மனைவி வந்து சேர ஏழு வருடம் ஆயிற்று. ஒருநாளாவது என்னைத் திட்டினாயா? திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் தந்தார்கள். நான் அதை வெளியே கொண்டுபோய் இரண்டு தரம் வாசித்துவிட்டு வந்து, உன் மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"நீ வாசிச்சனியோ?"

"ஓம்."

"அப்ப சரி. பேனையைத் தா."

ஒரு வரியும் பார்க்காமல் கையெழுத்து வைத்தாய். அன்றாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பேனையைத்தான் கொடுத்தேன். என்மேல் எனக்குள்ள கோபத்தை உன்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு இன்னும் திரிகிறேன்.