அவனைப் பிடித்துவிட்டார்கள், நஸ்ரின்

அன்பு நஸ்ரின் ஜான், உங்கள் பாஷையில் என் உயிரே,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள். அவனைப் பிடித்துவிட்டார்கள். விடியப்புறம் கதவைத் தட்டி, கையில் விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்களாம். உன் மகள் சோரா தொலைபேசியில் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன். என் மனுசன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்வதை எங்கள் ஆட்களும் கேட்க வேண்டும். எங்களுக்குள்ளும் சிலருக்கு இதை வாசித்தால் சுடும். சுடட்டும்.

அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஹம்பேர்க்கில் ஒரு பாடசாலைச் சமையற்கூடத்தில் நீயும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணம், நீ காபூலுக்கு அப்பால் ஒரு சிறு பட்டணம். உன் உடைந்த ஜெர்மனும் என் உடைந்த ஜெர்மனும் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போயின. ஊரில் நீ பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். மதத்தின் பேரால் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் மூன்று பேர் உன் வீட்டுக்கு வந்தார்கள். உன் கணவர் தாவூதை முற்றத்துக்கு வரச்சொல்லிச் சுட்டார்கள். படிப்பித்தவள் நீ, சுட்டது அவரை. சுட்டவனின் முகத்தை யன்னலால் பார்த்தவள் உன் தங்கை ஃபரீதா. அப்போது அவள் சின்னப் பிள்ளை.

அந்தச் சுட்டவன்தான் இங்கே பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தான். அவனும் அகதியாம். துப்பாக்கிக்காரருக்குப் பயந்து ஓடிவந்தவனாம். ஊரில் ஃபரீதா 'இவன்தான்' என்று காட்டித்தந்த படம் ஒன்று உன்னிடம் இருந்ததால், கண்ணாடிக்கு வெளியே நின்றே நீ ஆளை அடையாளம் பிடித்தாய். அவனும் உன்னை யாரென்று கண்டுகொண்டான். வெளியே வந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்: "தங்கச்சி எப்படி இருக்கிறா? இன்னும் அந்த வீட்டிலைதானே?"

அன்று வேலைக்கு வந்து கிழங்கு உரித்துக்கொண்டே அதை எனக்குச் சொன்னாய். உன் கை உரிப்பதை நிறுத்தவில்லை. "நாளைக்கே பொலிசுக்குப் போவம்" என்றேன்.

"ஃபரீதா அங்கை இருக்குமட்டும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, அக்கா. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். புற்றுநோய் உன்னைக் கட்டிலில் போட்ட பிறகும் உன்னிடமிருந்து அதே பேச்சுத்தான். வலி தாங்க முடியாத நாட்களில்கூட, 'அக்கா, இனி நீங்கள் பாருங்கோ' என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் மனம் வரவில்லை?

நீ போன பிறகு உனக்காக ஃபாத்திஹா ஓதிய மண்டபத்துக்கு அவன் வந்தான். உங்கள் வழக்கமும் எங்கள் வழக்கமும் இதில் ஒன்றுதான்: செத்தவீட்டுக்கு வந்தவனை எவனென்றாலும் திருப்பி அனுப்பக்கூடாது. பகையாளி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் பகை முடிந்த மாதிரி. அந்த வழக்கத்தை நம்பித்தான் வந்திருந்தான். நான் சமையலறை யன்னலில் நின்று ஹல்வா பரிமாறிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் போட்டேன். இன்னொரு கரண்டி கேட்டான், அதையும் போட்டேன். பக்கத்து அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து அந்த முகத்தில் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். உனக்குப் பண்ணிய சத்தியம் அவனைக் காப்பாற்றியது.

அந்த மண்டபத்தில் அரைவாசிப் பேருக்கு அவன் யாரென்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கு அண்ணன் அங்கே, ஒருவருக்குத் தாய் அங்கே. துப்பாக்கி அங்கே இருந்துகொண்டு ஹம்பேர்க்கில் இருப்பவர்களின் வாயைப் பொத்துகிறது. எனக்கு இது புதிதா என்ன? எங்கள் திருவிழாக்களிலும் உறவைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் சுட்டவனே நின்று தேர் இழுப்பது எங்களுக்குத் தெரியாதா? ஊரில் இருக்கும் சகோதரத்தை நினைத்து எத்தனை வருடம் நாங்களும் தலையைத் திருப்பிக்கொண்டோம்?

இதற்குள் வேறு எங்கோ ஒரு பட்டணத்தில் உங்கள் நாட்டு மதவெறியன் ஒருவன் தெருவில் சனங்களைக் கத்தியால் குத்தினான். அடுத்த நாள் எஸ்-பான் ரயிலில் சோராவைப் பார்த்து ஒரு கிழவி பையை மடியில் இறுக்கிக்கொண்டாளாம். தாதி வேலைக்கு ஆஉஸ்பில்டுங் பயிற்சி செய்கிற பிள்ளை அவள். அன்று காலையில்தான் அப்படி ஒரு கிழவியைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாள். தகப்பனைக் கொன்றதும் அந்தக் கூட்டம், அந்தக் கூட்டத்துக்காகத் தலைகுனிய வேண்டியதும் தகப்பனை இழந்த பிள்ளை. கடைக்காரனைப் பார்த்து ஒருவரும் பையை இறுக்கவில்லை. அவன் நல்ல ஜெர்மன் கதைப்பான்.

இனி நீ காணாததைச் சொல்கிறேன். ஃபரீதா வந்துவிட்டாள், நஸ்ரின். நீ போன பிறகு இரகசியமாக எல்லை தாண்டி, பாகிஸ்தானில் சில மாதம் காத்திருந்து, போன மாரியில் வந்து சேர்ந்தாள். நீ பார்த்துப் பார்த்து அனுப்பிய அந்த அன்ட்ராக், அவளைக் கூப்பிடும் விண்ணப்பம், கடைசியில் பலித்தது. விமான நிலையத்தில் உன்னைப் போலவே தலையைச் சரித்துக்கொண்டு வந்தாள். நான் நடுவழியில் நின்று குளறி அழுதேன்.

உன் ஆண்டு நினைவுக்கு அதே மண்டபம். ஃபரீதா வந்த கதையைச் சோரா வெளியில் விடவில்லை. அவனுக்கும் தெரியாது. இந்த முறையும் யன்னலுக்கு வந்து தட்டை நீட்டினான். எனக்குப் பின்னால் நின்ற சோராவைப் பார்த்து உங்கள் மொழியில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், 'காலா'. சின்னம்மாவின் சுகம் விசாரிக்கிறான்.

அடுப்படியில் மாவை எண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்த ஃபரீதா அகப்பையை விட்டாள். நேரே வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். ஹல்வாவை நிரப்பி அவனிடம் நீட்டி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். சோரா பிறகு எனக்குச் சொன்னாள்: "நான் இஞ்சை நிக்கிறன். அங்கை எங்களுக்கு இனி ஒருத்தரும் இல்லை."

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தட்டை வாங்கினான். சாப்பிடவும் ஏலாமல் வைக்கவும் ஏலாமல் நின்றான். பிறகு மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். பதற்றத்தில் வேறு யாருடையதோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சப்பாத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வயதான தையற்காரர். காலுறையோடு நின்று என்ன நடந்ததென்று விசாரித்தார். சொன்னோம். "எனக்கும் அவனைப் பற்றிச் சொல்லக் கிடக்குது" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டுதான் பொலிசுக்குப் போனோம்.

என் மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. "உமக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை? அது அவையளின்ரை சண்டை" என்றார்.

"நாங்கள் ஓடிவந்தபோதும் எல்லாரும் இதைத்தானே சொன்னவை?" என்று கேட்டேன். பிறகு அவர்தான் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு பெண் அதிகாரி, எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். நீதி என்றேன். அது பொய், நஸ்ரின். எனக்குப் பழி வேண்டும். மன்னிப்பு, பெருந்தன்மை என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டாம். அவன் ஒவ்வொரு இரவும் கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்ப வேண்டும். நீ எழும்பியதுபோல.

வழக்குக்கு டெர்மின் வந்துவிட்டது, நாள் குறித்துவிட்டார்கள். தீர்ப்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நேற்று ஃபரீதா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி கேட்டாள், சோரா மொழிபெயர்த்தாள்:

"கோட்டிலை என்னை எவ்வளவு நேரம் கதைக்க விடுவினம், அக்கா?"

"நீ சொல்லி முடிக்குமட்டும்."

"நான் கதைக்கேக்கை அவன் எழும்பிப் போகலாமோ?"

"ஏலாது. இருந்து கேட்கத்தான் வேணும்."

வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவள் சிரித்தாள். பெண்ணின் குரல் தெருவில் கேட்கக்கூடாது என்றவன், ஒரு பெண்ணின் குரலை நாள் முழுக்க, சொல்லுக்குச் சொல், மொழிபெயர்ப்போடு கேட்கப்போகிறான். ஆறுதலாகச் சொல், ஒன்றையும் விடாதே, தாவூத் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூடச் சொல் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வழக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன். அவன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து இருப்பேன். ஃபரீதா பேசும்போது அவன் முகத்தைத் திருப்பினால், திருப்பிய பக்கத்தில் சோரா இருப்பாள்.

இப்போது உன் தங்கைக்கும் அக்காவாகிவிட்ட,
உன் தவமணி அக்கா