ருமானாவின் குழுவும் பூட்டிய பயிற்சி அறையும்

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். தம்போயில் நானும் அப்பாவும் தம்பி ரூபேந்திரனும் நலம். டப்ளின் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வராமல் மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் தம்பி என் தோளில் வந்து சாய்ந்துகொள்கிறான். அவனுக்குப் பேச வராவிட்டாலும் நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

அவன் போகும் மாற்றுத்திறன் பிள்ளைகள் மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் மாற்றலாகிப் போனாள், பிள்ளைகள் சும்மா வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. அதற்காக ருமானா என்று ஒருத்தி வீடு வீடாக வந்தாள். பொந்தியானிலிருந்து மகள் ஹபீபாவைச் சக்கர நாற்காலியோடு அதே மையத்துக்குக் கூட்டிவருகிறவள். "அக்கா, தனித்தனியா கேட்டா யாரும் மதிக்க மாட்டாங்க லா, பெத்தவங்க எல்லாம் ஒண்ணா போலாம்" என்றாள். எனக்குப் பார்த்ததுமே சந்தேகம். மற்றவர் வீட்டுப் பிள்ளைக்காக இவள் ஏன் அலைகிறாள், ஏதாவது கட்சி ஆளா, சத்து மாவு விற்கிறவளா? தம்பியைப் படம் எடுக்கட்டுமா என்றபோது முடியவே முடியாது என்றேன். "சரிக்கா, உங்க இஷ்டம்" என்று போனை உள்ளே வைத்துவிட்டாள். கோபப்படாததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

போன மாதம் மையத்து மேலாளர் கமலநாதனைப் பார்க்க அவள் சேர்த்த பெற்றோர் குழு போனது, இவள் என்னதான் பேசுகிறாள் பார்ப்போம் என்று நானும் போனேன். அவர் தேத்தண்ணி கொடுத்து, "புது ஆள் கிடைச்சிட்டாங்க, பயிற்சி அறையும் ரெடி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், ருமானா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கை எழவில்லை. எல்லாம் தயார் என்றால் பிள்ளைகள் ஏன் இன்னும் வண்ணம் தீட்டுகிறார்கள்? "அந்த அறைய இப்பவே காட்டுங்க சார்" என்றேன். சாவி இல்லை என்றார். "வர்ற வரைக்கும் இருக்கோம்" என்று உட்கார்ந்துவிட்டேன். ருமானா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ஹபீபாவின் நாற்காலியை என் பக்கத்தில் தள்ளி வந்து பிரேக் போட்டாள். அதற்கப்புறம் ஒருவரும் எழவில்லை. கடைசியில் கதவைத் திறந்தார். உடைந்த மேசைகளும் பழைய பேனர்களும்தான் உள்ளே. புது ஆளும் இல்லையாம், மேலிடத்தில் கேட்டு இன்னும் பதில் வரவில்லையாம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் கத்தப் போனேன், ருமானா கையைப் பிடித்தாள். "அப்ப நாங்களும் உங்களோட வந்து கேக்குறோம் சார்" என்றாள். மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மேலிடத்துக்கே போனோம்.

இப்போது மேலிடத்தின் ஏற்பாட்டில் வேறு மையத்திலிருந்து ஒரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வருகிறாள். நேற்று தம்பி அவள் கொடுத்த படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்டான் லோஷினி, அவனாகவே. அப்பா சமையலறையில் போய் நின்றுகொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆனாலும் நான் நம்பிவிடவில்லை. அந்தப் பெண்ணை எப்போது நிறுத்துவார்களோ என்று வாரா வாரம் மையத்து வாசலில் போய் நின்று பார்க்கிறேன். "யாரையும் நம்பாத ஆளு ஒருத்தர் குழுவுக்கு வேணும்கா" என்று ருமானா என்னைச் செயலாளராக்கிவிட்டாள். எதற்காக இப்படிப் புகழ்கிறாள் என்று அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கூடத் தங்கியிருக்கும் பெண்ணிடம் அறைச் சாவியைக் கொடுக்காதே. எங்கிருந்தாலும் நீ நல்லா இருக்கணும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அம்மா
வாசுகி ராஜசேகரன்