பதினாறு அடி விலை

வயிற்றைத் திறந்ததும் முதலில் வந்தது ரெசின் பசை வாடைதான். ஐந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற ஃபைபர் டைனோசர். மேலே பெயின்ட் வெளுத்து, முழங்காலில் கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. உள்ளே மட்டும் நாம் மூடிய அன்றைய வாடை அப்படியே இருந்தது. வெல்டர் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டார். நான் ஒதுங்கவில்லை. உங்கள் சட்டைகளை ஊறப்போடும்போதெல்லாம் வாளியிலிருந்து எழுந்து வந்த வாடை அது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தலையை உள்ளே நீட்டி இன்னொரு முறை மூச்சை இழுத்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இருக்கும்போதே நாம் எழுதிக்கொண்டவர்கள் இல்லையே. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீடு, அப்புறம் ஒரே கொட்டகை. எழுத என்ன இருந்தது? இப்போது எழுதுவதுகூட நாளைக்கு ஒரு விலை சொல்ல வேண்டியிருப்பதால்தான். விலை சொல்வது உங்கள் வேலையாக இருந்தது.

போன வாரம் குழந்தைகள் பார்க் வைத்திருந்த பார்க்காரர் வீடு தேடி வந்தார். அடையாற்றங்கரைப் பக்கம் பரம்பரை நிலத்தில் குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்டு, நடுவில் நம்மிடம் டைனோசர் செய்து வாங்கி நிறுத்தினாரே, அவர்தான். இப்போது பார்க் இல்லை. மனை போட்டு வெள்ளைக் கல் நட்டுவிட்டார். டைனோசர் நிற்பது பதினோராம் நம்பர் மனையில்.

"உங்க வூட்டுக்காரர் இருந்தா அவராண்ட சொல்லியிருப்பேன்மா. எனக்கு எடம் காலியானா போதும். நீயே எட்துக்கோ, ரிப்பேர் பண்ணி வித்துக்கோ. ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒருத்தரு ஓட்டல் கட்டிக்கினு கீறாரு, வாசல்ல நிக்க வெக்கணுமாம். வெலை இன்னான்னு கேக்குறாரு" என்றார்.

சரி என்றேன். சந்தோஷமா, வருத்தமா என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், அந்த ஆங்கிலப் படம் தமிழ் பேசி வந்த வருடம் ஊரெல்லாம் டைனோசர் பைத்தியம். திருமுடிவாக்கத்தில் நீங்கள் வேலை பார்த்த தண்ணீர்த்தொட்டிக் கம்பெனி அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஆட்களைக் குறைத்திருந்தது. ஃபைபர் வேலை கையில் இருக்கிறது, தொட்டி செய்தால் என்ன, டைனோசர் செய்தால் என்ன என்று இரும்புலியூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தீர்கள். முதலில் நாலடியில் ஒன்று. ஒரு துணிக்கடைக்காரர் வாங்கிப் போய்த் தலையில் பொங்கல் தள்ளுபடி அட்டையை மாட்டினார். பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

செய்வதில் உங்களுக்குச் சிரமம் இருந்ததில்லை. விலை போடுவதில்தான். தொட்டிக்கு லிட்டர் கணக்கு உண்டு, டைனோசருக்கு என்ன கணக்கு? யாரும் செய்து விற்றதில்லை, எந்தக் கடையிலும் போய் விசாரிக்க முடியாது. யோசித்து யோசித்து அடிக் கணக்கு கண்டுபிடித்தீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை கயிறு பிடிப்பது, அடிக்கு அடி முடிச்சுப் போட்ட கயிறு. அடிக்கு ஆயிரத்து எண்ணூறு. தலையில் எத்தனை பல், முதுகில் எத்தனை செதில், அதெல்லாம் கணக்கில்லை. வெறும் வாலுக்கும் அதே ஆயிரத்து எண்ணூறு, நூறு பல் வைத்த வாய்க்கும் அதே ஆயிரத்து எண்ணூறு. துணியை முழம் போடுவதுபோல மிருகத்தை முழம் போட்ட ஒரே ஆள் நீங்களாகத்தான் இருக்கும்.

அதற்கு மேல் இன்னொரு பழக்கமும் வைத்திருந்தீர்கள். வயிற்றில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பலகையை மட்டும் கடைசியில் மூடுவீர்கள். மூடுவதற்கு முன்னால் தச்சுப் பென்சிலோடு உள்ளே நுழைந்து கணக்கு எழுதுவீர்கள். கம்பி இவ்வளவு, ரெசின் இவ்வளவு, கூலி இவ்வளவு, கோடு போட்டு மொத்தம். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளிய சொல்றது அவங்க குடுக்குற வெலைம்மா. உள்ள இருக்கிறதுதான் இதோட வெலை. வாங்குறவனுக்குத் தெரியாட்டியும் இதுக்காவது தெரியணும்ல?"

பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் கிறுக்கு என்றும் தோன்றியது. இரண்டையும் நான் சொல்லவில்லை.

பார்க்காரருடையது நாம் செய்ததிலேயே பெரியது. பதினெட்டு அடி, இரண்டு காலில் நிற்பது. கயிற்றைக் காட்டி விலை சொன்னீர்கள். அவர் பேரம் பேசவில்லை. காகிதத்தில் நீங்கள் வரைந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தவர், வாலில் விரலை வைத்தார்.

"இந்த வாலு இன்னாத்துக்கு இவ்ளோ நீளம்? ரெண்டடி கம்மி பண்ணிடு. பதினாறு அடி வெலை குட்துட்றேன்."

கத்தரிக்காயில் காம்பைக் கிள்ளிவிட்டு எடை போடச் சொல்வதுபோல. நீங்கள் சரி என்றுவிட்டீர்கள். செய்து நிறுத்தியபோது அது முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது. தலை பாரம், பின்னால் தாங்க வால் போதவில்லை. வெல்டர் அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டடி வாலை ஒட்டவைத்தீர்கள். அவரிடம் அதற்குக் காசு கேட்கவில்லை. பதினெட்டு அடி மிருகம் பதினாறு அடி விலைக்குப் போனது.

ஆனால் நான் மனதில் வைத்திருந்தது வாலை அல்ல. அது உங்களுக்கும் தெரியும்.

செதில் முழுக்க என் வேலை. முறுக்கு அச்சில் ரெசினில் குழைத்த பட்டி மாவை நிரப்பி, நட்சத்திர வில்லை போட்டு, முதுகிலிருந்து தொடை வரை வரிசை வரிசையாகப் பிழிந்தேன். பட்டி இறுகுவதற்குள் பிழிந்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றையும் தட்டிவிட வேண்டும். இரண்டு அச்சு அப்படியே இறுகிப்போய்க் குப்பைக்குப் போயின. காலையில் சமைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் வரை ஏணியில்தான். தாம்பரம் விமானப்படை விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் கையை நிறுத்துவேன். சத்தத்தில் கை நடுங்கி வரிசை கோணிவிடும்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், நீங்கள் ஒட்டுப்பலகைத் துண்டில் செலவு எழுதிக்கொண்டிருந்தீர்கள். வெல்டருக்கு எழுதினீர்கள், வேன்காரருக்கு எழுதினீர்கள், உங்களுக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது என்று எழுதினீர்கள். ஏணியில் இருந்தபடியே கேட்டேன்.

"ஏங்க, என் நாளு?"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்குப் போய் கூலி போட்டா வெளியாளு மாதிரி ஆயிடாதா?" என்றீர்கள்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது? நான் அடுத்த வரிசை பிழிய ஆரம்பித்தேன். ஆனால் பார்க்காரர் டைனோசரை எடுத்துப்போக வந்த அன்று, செதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு பண்ணது? சோக்கா கீதே" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையெல்லாம் பட்டி.

"அது வூட்ல பண்ணது சார். அதுக்குத் தனியா காசு கெடையாது" என்றீர்கள்.

சோப்பு வாங்கினால் டம்ளர் இலவசம் என்பதுபோலச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அதற்குப் பதில் நான் விலைப் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டுவிட்டேன். நீங்கள் எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா?" என்பேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது. சின்னச் சின்னதாகச் சில டைனோசர் செய்தோம், அப்புறம் ஊருக்கு அதில் ஆசை தீர்ந்துபோனது. அந்தக் கோபம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருந்த இடம் தெரிகிறது, அது மட்டும் இல்லை.

நெஞ்சு வலி என்று படுத்தீர்கள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. சவப்பெட்டி செய்கிறவர் வாசலில் நின்று தயங்கித் தயங்கி, "எத்தனை அடிம்மா?" என்று கேட்டார். நான் உடனே, "அஞ்சடி எட்டு அங்குலம். அடிக்கு என்ன விலை?" என்றேன். கூடியிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். உங்கள் தம்பி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

இன்றைக்குக் காலையில் வெல்டர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பதினோராம் நம்பர் மனைக்குப் போனேன். கால் கம்பியை மாற்ற வேண்டுமானால் வயிற்றுப் பலகையைக் கழற்றியாக வேண்டும். கழற்றினார். வாடை வந்தது. டார்ச்சை அடித்தேன். உள்ளே விலாக் கம்பியோரம் உங்கள் கையெழுத்து, பென்சில் கொஞ்சமும் மங்கவில்லை.

இதற்கு முன் எந்த வயிற்றுக்குள்ளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கவும் பிடிக்கவில்லை. கம்பி, கோழிவலை, ஃபைபர் மேட், ரெசின், பெயின்ட், வெல்டர், வேன். எல்லாவற்றுக்கும் எதிரே தொகை இருந்தது. அதன் கீழே 'நான் - 40 நாள் × 120'. அதற்கும் கீழே 'இவள் - 63 நாள் ×'.

பெருக்கல் குறிக்கு அப்புறம் ஒன்றுமில்லை. அதன் கீழ் கோடு போட்டிருக்கிறீர்கள். கோட்டுக்குக் கீழும் ஒன்றுமில்லை. மொத்தம் போடாமலே வெளியே வந்து பலகையை மூடியிருக்கிறீர்கள்.

அறுபத்து மூன்று நாள் என்று எனக்கே தெரியாது. நான் எண்ணவில்லை, நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். நாளை எண்ணத் தெரிந்தவருக்குக் கூலியில் ஏன் கை நின்றது? உங்களுக்குப் போட்ட நூற்றிருபதையே போடலாமா என்று பார்த்தீர்களா? குறைத்துப் போட மனம் வரவில்லையா? இல்லை, அந்த நேரம் பார்த்து யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டார்களா? உங்கள் விஷயத்தில் அதற்கும் வாய்ப்பு உண்டு.

"உள்ள இன்னாமோ எழுதிக்கீதே, சொரண்டிடவாம்மா?" என்றார் வெல்டர் அண்ணன்.

"வேணாண்ணா. இருக்கட்டும்."

அந்த நேரம் ஓட்டல்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், செதிலைத் தடவினார். "ஒரு உத்தேசமா சொல்லுங்கம்மா, எவ்ளோ ஆகும்?" என்றார். நான் வாயைத் திறந்து கடகடவென்று சொன்னேன். அன்றைக்கு ஆன சாமான் செலவு, உங்கள் நாற்பது நாள், இப்போது மாற்றுகிற கம்பி, மேட், ரெசின், பெயின்ட், வெல்டர் அண்ணன் கூலி, லாரி.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க, முடிவா சொல்றேன்."

ரொம்பச் சந்தோஷமாகப் போனார். வாங்குகிறவர் அவ்வளவு சந்தோஷமாகப் போனால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அது வீட்டுக்கு வரும் வழியில், தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. ஐந்து நிமிடம் முன்னால் அந்த அறுபத்து மூன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அதை விட்டுவிட்டு விலை சொல்லியிருக்கிறேன். இனிமேல் உதிர்ந்த செதிலை ஒட்டி, பெயின்ட் அடிக்கப்போகிற ஒன்பது நாளையும் சேர்க்கவில்லை. நீங்கள் சொல்லித்தரவே இல்லை, இருந்தும் உங்கள் கணக்கு எனக்கு அப்படியே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து முடிச்சுக் கயிற்றையும் உங்கள் தச்சுப் பென்சிலையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். கயிறு வேண்டாம் என்று திரும்ப உள்ளே வைத்தேன். போன மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். கடைசியில் 'நான் - 63 நாள், இப்போது 9 நாள், ஆக 72 ×' என்று எழுதினேன். பென்சில் அங்கே நின்றுவிட்டது. நூற்றிருபது என்று போடலாம், அது உங்கள் கூலி. இருநூறு என்று போட்டுப் பார்த்தால் யாரோ திட்டுவார்கள்போல இருக்கிறது. வீட்டில் யாருமில்லை.

அன்றைக்கு நீங்கள் ஏணியைப் பார்த்து, "உனக்கு எவ்ளோ போடட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பேன் என்றுதான் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே என்னைக் கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரமாகத் தாள் அப்படியே இருக்கிறது.

நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் வந்துவிடுவார். பென்சிலைக் கூர் சீவி வைத்திருக்கிறேன்.