பட்டியலில் என் பெயர்

கவென்ட்ரி,
24 பிப்ரவரி 1948

அன்புள்ள நோரீனுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் இருமல் தேவலையா? நான் சௌகரியம். வேலையிடத்தில் சாரப்பலகை ஒன்று காலில் விழுந்தது. இரண்டு நாள் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஐந்து கட்சிகள் சேர்ந்து டப்ளினில் ஆட்சி அமைத்ததைப் பேப்பரில் படித்தோம். "ஐஞ்சு ஓரகத்தி ஒரே அடுப்புல சமைக்கப் போறாங்க" என்கிறான் பக்கத்துக் கட்டில் ஃபின்டன். பதினாறு வருடம் ஆட்சியில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். இனி ஊரில் வேலை கிடைக்குமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

நீ ஓட்டுப் போடப் போனபோது அதிகாரி, "உன் வீட்டுக்காரர் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரே" என்றாராமே. அதைப் படித்துக் காட்டியதும் ஃபின்டன், "ஏன்டா, ஊருக்குப் போயிட்டு வந்தவன் எனக்கு ஒரு பாட்டில் வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றான். நம் ஊரில் செத்தவர்களே ஓட்டுப் போடுவார்கள். நான் உயிரோடுதானே இருக்கிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வலது காலுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகப் பின்னு.

என் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறாய். வேண்டாம், நோரீன். எவனோ கள்ள ஓட்டுப் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். நான் இங்கே வந்த இந்த மூன்று வருடத்தில் அன்றைக்கு ஒரு நாளாவது நான் ஊரில் இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார்களே.

வேலைக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது.

உன்,
டெக்லன்